உலகப் பட்டச் சண்டையின் முடிவை முன்கூட்டிக் கணிப்பது எப்படி: எல்லையோர பாக்ஸிங் ரசிகர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

உலக சாம்பியன்ஷிப் சண்டை ஒன்று அறிவிக்கப்பட்டால் போதும், ஜெயிக்கப்போவது யாரென்று கொழிஞ்சாம்பாறை டீக்கடையில் அன்றைக்கே பாதிப் பேர் சொல்லிவிடுவார்கள். இந்தப் பக்கம் கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டினால் பொள்ளாச்சி, அந்தப் பக்கம் சித்தூர் வழியாகப் பாலக்காடு. தமிழும் மலையாளமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேசும் ஊர். உலகக்கோப்பை சீசன் வந்தால் ஃபுட்பாலுக்குத்தான் ஃபிளெக்ஸ் கட்டுவார்கள். குத்துச்சண்டைக்குக் கூட்டம் சின்னது, ஆனால் பிடிவாதமானது. 1980-ல் முகமது அலி சென்னைக்கு வந்து ரிங்கில் ஏறியதைச் சொல்லிச் சொல்லி மகிழும் பெரியவர்கள், 2006-ல் டெல்லியில் உலகப் பட்டம் வென்ற கண்ணூர் கே.சி.லேகாவைக் கொண்டாடும் சேட்டன்மார், எல்லாச் சண்டையையும் போனிலேயே பார்த்துவிடும் பையன்கள் என்று எல்லாரும் இதில் உண்டு.

இவர்களில் பெரும்பாலோர் கேட்கும் கேள்வி, "ரெண்டு பேர்ல யார் பெரிய ஆளு?" என்பது. கணிப்பு கோணலாவது அங்கேதான். "ரிங்குக்குள் யாருடைய சண்டை நடக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். தூரத்தையும் வேகத்தையும் யார் தீர்மானிக்கப் போகிறார், எத்தனையாவது ரவுண்டு வரை அவரால் அதைக் கையில் வைத்திருக்க முடியும்? இதற்குப் பதில் கிடைத்தால் ஜெயிப்பவர் பெயர் தானாக வரும். கீழே உள்ள படிகள் எல்லாமே இந்தக் கேள்விக்குப் பதில் தேடும் வழிகள்தான்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இதில் காசு கட்டும் பேச்சே இல்லை. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு 2025-ல் மத்திய அரசே சட்டம் போட்டுத் தடை விதித்துவிட்டது. எங்கள் கூட்டத்தில் தோற்றவர் எல்லாருக்கும் பருப்புவடையும் கட்டஞ்சாயாவும் வாங்கித் தர வேண்டும். சுவாரஸ்யத்துக்கு அது போதும்.

படி 1: என்ன சண்டை என்று எழுதிக்கொள்ளுங்கள்

எடைப்பிரிவு, ரவுண்டு, ஊர், ரிங்கின் அளவு, கையுறை. இதற்கு ஐந்து நிமிடம் போதும். ஆண்களின் தொழில்முறை உலகப் பட்டச் சண்டை என்றால் 3 நிமிடம் வீதம் 12 ரவுண்டு, நடுவில் ஒரு நிமிட ஓய்வு. முன்பு 15 ரவுண்டாக இருந்தது. 1982 நவம்பரில் ரே மன்சினியுடன் மோதிய கொரிய வீரர் டுக் கூ கிம் இறந்துபோன பிறகு, உலகப் பட்டம் வழங்கும் அமைப்புகளில் ஒன்றான டபிள்யூபிசி 12 ஆகக் குறைத்தது. மற்ற அமைப்புகளும் பின்னால் வந்தன. 66.7 கிலோ, அதாவது 147 பவுண்டு வரையிலான பிரிவுகளில் பொதுவாக 8 அவுன்ஸ் கையுறை, அதற்கு மேல் 10 அவுன்ஸ். ரிங் சிறிதாக இருந்தால் நெருங்கி அடிப்பவருக்கு லாபம், பெரிதாக இருந்தால் கால் ஓட்டக்காரருக்கு லாபம். ஒப்பந்தப் பேச்சில் ரிங்கின் அளவுக்காக இரு தரப்பும் மல்லுக்கட்டுவது இதனால்தான்.

படி 2: வெற்றி எண்ணிக்கையை நம்பாதீர்கள், எதிராளிகளைப் பாருங்கள்

"முப்பது சண்டை, முப்பதும் வெற்றி" என்று படித்ததும் மயங்கிவிடக் கூடாது. பொள்ளாச்சிச் சந்தையில் மாடு பிடிக்கத் தெரிந்தவர் கொம்பைப் பார்த்து விலை பேச மாட்டார், நாலு எட்டு நடக்கவிட்டுத்தான் பேசுவார். அந்த முப்பது பேரில் யாராவது அவரை நடக்கவிட்டுப் பார்த்தார்களா? பட்டியலைத் திறந்து இவற்றைத் தேடுங்கள்: எதிராளிகளில் எத்தனை பேர் அப்போது நல்ல நிலையில் இருந்தார்கள், எத்தனை பேர் வயதாகி வந்தவர்கள், எட்டாவது ரவுண்டுக்கு மேல் எத்தனை முறை போயிருக்கிறார், கீழே விழுந்தபின் எழுந்து ஜெயித்திருக்கிறாரா, கடைசியாக எப்போது ரிங்கில் ஏறினார். 2024 மே மாதம் டோக்கியோவில் நவோயா இனோவே முதல் ரவுண்டிலேயே லூயிஸ் நேரியிடம் விழுந்தார். அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. எழுந்து நிதானித்து, ஆறாவது ரவுண்டில் நேரியை முடித்தார். வெற்றி எண்ணிக்கையில் அது வெறும் ஒன்று. கணிக்கிறவருக்கோ, விழுந்தபின் இவர் தலை எப்படி வேலை செய்யும் என்று காட்டிய சண்டை.

இதே இடத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. "அ ஆளு இ-யை அடிச்சான், இ உ-வை அடிச்சான், அப்ப அ உ-வை அடிப்பான்" என்ற கணக்கு. 1971-ல் ஜோ ஃபிரேசியர் அலியை வென்றார். 1973-ல் கென் நார்ட்டன் அலியின் தாடையை உடைத்து ஜெயித்தார். ஜார்ஜ் ஃபோர்மனோ ஃபிரேசியரை இரண்டே ரவுண்டில் முடித்தார், நார்ட்டனையும் இரண்டே ரவுண்டில் முடித்தார். கணக்குப்படி அலிக்கு வழியே இல்லை. 1974 அக்டோபர் 30 அன்று கின்ஷாசாவில் எட்டாவது ரவுண்டில் ஃபோர்மனை வீழ்த்தினார் அலி. ஃபிரேசியரும் நார்ட்டனும் ஃபோர்மனின் குத்து விழும் தூரத்தில் நின்றார்கள். அலி கயிற்றில் சாய்ந்து கைகளால் மூடிக்கொண்டு அவரை அடிக்கவிட்டார், களைத்ததும் எழும்பினார். ஃபோர்மன் வலு குறைந்தவராகிவிடவில்லை. அவர் விரும்பிய சண்டை அன்றைக்கு நடக்கவில்லை, அவ்வளவுதான்.

படி 3: வீடியோ பார்ப்பது. அதிக நேரம் போக வேண்டிய இடம் இதுதான்

ஹைலைட்ஸ் பார்த்துக் கணிக்காதீர்கள். ஹைலைட்ஸில் எல்லாரும் நாக்அவுட் மன்னர்கள்தான். ஒவ்வொருவருக்கும் முழுச் சண்டைகள் மூன்று வேண்டும்: கடைசியாக ஆடியது, அவர் மிகவும் திணறியது, இப்போது வரப்போகும் எதிராளி மாதிரி ஒருவரோடு ஆடியது. வர்ணனையாளர் குரல் நம் கண்ணைக் கட்டிப்போடும். சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

ஒரு ரவுண்டு முழுக்கக் காலை மட்டும் பாருங்கள். அடுத்த ரவுண்டு முழுக்க, குத்தாத கையை மட்டும். குத்துகிற கையை எல்லாரும் பார்ப்பார்கள். குத்து முடிந்தபின் அந்தக் கை எங்கே திரும்புகிறது என்பதில்தான் ரகசியம் இருக்கிறது.

1936-ல் நடந்தது இதற்குச் சரியான பாடம். ஜோ லூயி அப்போது தோல்வி காணாத இளைஞர், முப்பதைத் தாண்டிய ஜெர்மானியர் மாக்ஸ் ஷ்மெலிங்குக்கு யாரும் வாய்ப்பே கொடுக்கவில்லை. ஷ்மெலிங் லூயியின் சண்டைப் படங்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். லூயி இடக்கையால் ஜாப், அதாவது முன்னால் இருக்கும் கையை நேராக நீட்டிச் சட்டென்று விடும் குத்து, குத்துவார்; குத்திய கை நேராகத் தாடைக்குத் திரும்பாமல் கொஞ்சம் தாழ்ந்து திரும்பும். அந்த ஒரு கணம் இடப்பக்கத் தாடைக்குக் காவல் கிடையாது. ஷ்மெலிங்கின் நல்ல ஆயுதம் வலக்கை. ஜூன் 19 அன்று ஜாப் திரும்பும் அந்த வழியிலேயே வலக்கையை அனுப்பிக்கொண்டிருந்தார். நாலாவது ரவுண்டில் லூயி விழுந்தார், பன்னிரண்டாவதில் எழவே இல்லை. அந்தக் குறையை லூயி சரிசெய்துகொண்டு வந்த 1938 மறுசண்டை முதல் ரவுண்டிலேயே, 2 நிமிடம் 4 நொடியில் லூயியின் வெற்றியோடு முடிந்தது. ஆகவே பழைய வீடியோவில் ஒரு குறையைக் கண்டுபிடித்தால், போன சண்டையிலும் அது இருந்ததா என்று பார்க்காமல் எழுதக் கூடாது.

இன்னும் கவனிக்க வேண்டியவை: பின்வாங்கும்போது நேர்கோட்டில் போகிறாரா, பக்கவாட்டில் திரும்புகிறாரா? வயிற்றில் குத்து வாங்கினால் முழங்கை இறங்குகிறதா? கட்டிப்பிடித்தால் ஓய்வெடுக்கிறாரா, வேலை செய்கிறாரா? ஒன்பதாவது ரவுண்டில் வாய் திறந்து மூச்சு வாங்குகிறாரா? ஒருவர் இடக்கைக்காரராக, அதாவது சவுத்பாவாக இருந்தால் முன்கால்களைப் பாருங்கள். இடக்கைக்காரரும் வலக்கைக்காரரும் மோதும்போது இருவர் முன்காலும் ஒன்றுக்கொன்று எதிரில் வரும். எவர் தன் முன்காலை எதிராளியின் காலுக்கு வெளிப்பக்கம் வைக்கிறாரோ, அவருடைய பின்கைக்கு நேர்வழி திறக்கும். ஒரு நிமிடம் கால்களை மட்டும் பார்த்தால் ரவுண்டு யார் கையில் என்று தெரிந்துவிடும்.

படி 4: இரண்டு பாணிகளையும் மோதவிடுங்கள்

காகிதத்தை நடுவில் மடித்து, ஒரு பக்கம் சிவப்பு மூலைக்காரர் ஜெயிக்கும் சண்டையை எழுதுங்கள், மறுபக்கம் நீல மூலைக்காரர் ஜெயிக்கும் சண்டையை. "சிவப்பு ஜாப்பால் தள்ளி நிறுத்துவார், நீலம் உள்ளே வரும்போதெல்லாம் கட்டிப்பிடிப்பார், 12 ரவுண்டும் போகும்" என்பது ஒரு கதை. "நீலம் முதல் நாலு ரவுண்டு வயிற்றிலேயே அடிப்பார், சிவப்பின் கால் நிற்கும், ஒன்பதில் முடியும்" என்பது இன்னொரு கதை. உங்கள் ஆளுக்கு மட்டும் கதை எழுதிவிட்டு எதிராளிக்கு ஒன்றும் தோன்றவில்லை என்றால், எதிராளியின் வீடியோவை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

எங்கள் டீக்கடைப் பேச்சில் அடிக்கடி கேட்பது இது. "அவனுக்கு ஒரே குத்து போதுமுங்க." அதற்குத் தையல்கடை அண்ணன் சொல்வார், "குத்து பெருசுதான் கண்ணு, வந்து சேரணுமில்ல?" அதைத்தான் நாலாவது படியில் கணக்குப் போடுகிறோம்: பெரிய குத்துக்காரர் அந்தக் குத்தை எந்த வழியாகக் கொண்டுவந்து சேர்ப்பார்?

படி 5: எடை, வயது, இடைவெளி

எடை பார்ப்பது பெரும்பாலும் சண்டைக்கு முந்தைய நாள். அந்தச் செய்தி வரும்வரை கணிப்பை முடிக்காதீர்கள். 2019 ஜூனில் ஆண்டி ரூயிஸ், மாற்று வீரராக வந்து நியூயார்க்கில் அந்தோணி ஜோஷுவாவை ஏழாவது ரவுண்டில் வீழ்த்தினார். அப்போது அவர் எடை சுமார் 122 கிலோ. டிசம்பரில் சவூதியில் நடந்த மறுசண்டைக்கு 128 கிலோவைத் தாண்டி வந்தார். ஜோஷுவாவோ 112 கிலோ அளவிலிருந்து 108-க்கு இறங்கி வந்தார். தராசு ஒன்றே இருவரின் திட்டத்தையும் சொல்லிவிட்டது: ஒருவர் 12 ரவுண்டு ஓடத் தயாராக வந்தார், மற்றவர் அப்படி வரவில்லை. பாயிண்ட் போடும் மூன்று நடுவர்களும் ஜோஷுவாவுக்குக் கொடுத்தார்கள், 118-110, 118-110, 119-109.

ஆனால் பெரிய உடம்பே ஜெயிக்கும் என்று இதைப் புரட்டிப் படிக்காதீர்கள். 2025 செப்டம்பர் 13 அன்று டெரன்ஸ் கிராஃபோர்ட் 154 பவுண்டிலிருந்து 168-க்கு, இடையில் ஒரு பிரிவையே தாண்டிக் குதித்து, லாஸ் வேகாஸில் கனேலோ அல்வாரெஸை 116-112, 115-113, 115-113 என்று வென்றார். தூரம் அவர் கையில் இருந்தது, கனேலோ அடிக்க நினைத்த நேரத்தில் அவர் அங்கே இல்லை.

வயதைப் பற்றி என் அபிப்பிராயம்: பிறந்த தேதியைவிட, வாங்கிய அடியின் கணக்குதான் முக்கியம். இரண்டு மூன்று கடும் சண்டைகளில் அடி வாங்கிய முப்பது வயதுக்காரர், தற்காப்பு தெரிந்த முப்பத்தேழு வயதுக்காரரைவிட வேகமாகக் கிழடாகிவிடுவார்.

படி 6: நடுவர் மாதிரி எண்ணப் பழகுங்கள்

பாயிண்டில் முடியும் என்று கணித்தால், பாயிண்ட் எப்படி விழுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ரவுண்டு ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்கு 9. ஒருமுறை விழுந்தால் பொதுவாக 10-8. 12 ரவுண்டும் 10-9 ஆகவே போனால் இருவர் கூட்டும் சேர்ந்து 228 வரும். 115-113 என்றால் 7 ரவுண்டுக்கு 5. 116-112 என்றால் 8-க்கு 4. பார்க்க அகலமாகத் தெரியும் இடைவெளி உண்மையில் ஒன்றிரண்டு ரவுண்டுதான்.

2024 மே 18, ரியாத். ஒலெக்சாண்டர் உசிக், டைசன் ஃபியூரி. மூன்று தாள்கள்: உசிக்குக்கு 115-112, ஃபியூரிக்கு 114-113, உசிக்குக்கு 114-113. ஒவ்வொன்றையும் கூட்டிப் பாருங்கள், 227 வருகிறது. ஒரு பாயிண்ட் எங்கே போனது? ஒன்பதாவது ரவுண்டில் ஃபியூரி தள்ளாடிக் கயிற்றில் போய் விழ, ரெஃபரி எட்டு எண்ணினார். அதனால் மூவரும் அந்த ரவுண்டை 10-8 என்று எழுதினார்கள். அந்த எண்ணிக்கை மட்டும் இல்லாமல் அது 10-9 ஆக இருந்திருந்தால் தாள்கள் உசிக்குக்கு 115-113, ஃபியூரிக்கு 115-113, மூன்றாவது 114-114 என்று ஆகும். அதாவது சண்டை டிரா. உலக ஹெவிவெயிட் பட்டம் முழுவதும் ஒரே ஒரு எண்ணிக்கையில் தொங்கியது! டிராவுக்கும் ஒரு சிறு பங்கு ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

நடுவர்கள் பார்ப்பது நான்கு: சுத்தமாக விழுந்த குத்து, பலன் தரும் தாக்குதல், தற்காப்பு, ரிங்கை ஆளும் விதம். நான்கையும் எல்லாரும் ஒரே மாதிரி எடை போடுவதில்லை. 2017-ல் கனேலோவும் கோலோவ்கினும் மோதியபோது ஒரு நடுவர் கனேலோவுக்கு 118-110 எழுதினார், இன்னொருவர் கோலோவ்கினுக்கு 115-113, மூன்றாமவர் 114-114. முடிவு டிரா. 1987-ல் சுகர் ரே லெனார்ட், மார்வின் ஹாக்லரை வென்றபோது ரவுண்டின் கடைசி நொடிகளில் மளமளவென்று குத்திக் கண்ணைக் கவர்ந்தார். ஹாக்லரும் தன் வழக்கமான இடக்கை நிலையை விட்டு வலக்கை நிலையில் தொடங்கி, ஆரம்ப ரவுண்டுகளைத் தாரை வார்த்தார். சண்டை 12 ரவுண்டு போகும் என்று நினைத்தால், நெருக்கமான ரவுண்டுகள் யார் பக்கம் சாயும் என்று தனியாக ஒரு வரி எழுதுங்கள். சொந்த ஊர்க்காரர், கூட்டத்தின் சத்தம், ரவுண்டை அழகாக முடிக்கும் பழக்கம் எல்லாம் அங்கே பேசும்.

படி 7: சத்தத்தைக் கழியுங்கள்

பிரஸ் மீட்டில் மேசையைத் தள்ளியது, முகத்துக்கு முகம் நின்று முறைத்தது இவற்றுக்கு நான் மதிப்பே கொடுப்பதில்லை. பயிற்சியாளர் மாற்றம், நீண்ட ஓய்வு, கண்ணுக்கு மேல் பழைய வெட்டு, இவற்றுக்கு மதிப்பு உண்டு.

1990 பிப்ரவரி 11, டோக்கியோவில் மைக் டைசனுக்கு எதிரே பஸ்டர் டக்ளஸ். லாஸ் வேகாஸில் டக்ளஸுக்கு 42-க்கு 1 என்று விலை போட்டார்கள். அதாவது ஜெயிக்க வாய்ப்பு சுமார் 2.3 சதவீதம். ஆனால் கண்ணுள்ளவர்களுக்கு அறிகுறிகள் இருந்தன. டைசனை வளர்த்த பயிற்சி அணி உடைந்து, பயிற்சியாளர் கெவின் ரூனி 1988-லேயே வெளியேற்றப்பட்டிருந்தார். டக்ளஸின் கைநீளம் 83 அங்குலம், டைசனுக்கு 71. டக்ளஸிடம் நல்ல ஜாப் இருந்தது. அன்று டைசனின் கண் வீங்கியபோது அவர் மூலையில் நின்ற உதவியாளர்களிடம் வீக்கத்தை அழுத்தும் இரும்புகூட இல்லை. ரப்பர் கையுறையில் குளிர்ந்த தண்ணீரை நிரப்பி வைத்தார்கள். பத்தாவது ரவுண்டில் டைசன் எண்ணிக்கைக்குள் எழவில்லை. டக்ளஸ் ஜெயிப்பார் என்று முன்பே அடித்துச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. 2-க்குப் பதில் 15 என்று ஒருவர் எழுதியிருந்தாலே அவர் நல்ல கணிப்பாளர்.

படி 8: சீட்டு எழுதுங்கள்

வாயால் சொன்ன கணிப்பு மறுநாள் மாறிவிடும். எடை பார்த்த செய்தி வந்தபின், எல்லாரும் ஆளுக்கொரு சீட்டில் எழுதி டீக்கடை டப்பாவில் போடுவது எங்கள் வழக்கம். சீட்டில் 100-ஐ ஐந்தாகப் பிரிக்க வேண்டும். உதாரணம்: சிவப்பு பாயிண்டில் 45, சிவப்பு நாக்அவுட்டில் 15, நீலம் நாக்அவுட்டில் 25, நீலம் பாயிண்டில் 12, டிரா 3. ஆக சிவப்புக்கு மொத்தம் 60. ரெஃபரி நிறுத்துவது, மூலையிலிருந்து கைவிடுவது எல்லாம் நாக்அவுட் கணக்கில் சேரும். கீழே ஒரு வரி: "முதல் மூன்று ரவுண்டில் இது நடந்தால் நான் சொன்னது தப்பு." இந்த வரிதான் சீட்டின் உயிர். "நீலம் மூன்றாவது ரவுண்டுக்குள் சிவப்பைக் கயிற்றோரம் நிறுத்திவிட்டால்" என்று எழுதியவர், சண்டையைப் பார்க்கும் கண்ணே வேறாக இருக்கும்.

மதிப்பெண் போடுவது சுலபம். ஜெயித்தவருக்கு நீங்கள் கொடுத்த எண்ணை 100-லிருந்து கழித்து, வருவதை அதனாலேயே பெருக்குங்கள். டிராவுக்கு ஒன்றும் ஒதுக்காமல் ஒருவருக்கு 70, மற்றவருக்கு 30 கொடுத்திருந்தால், 70 வாங்கிய வீரர் ஜெயித்தால் 30×30, 900. தோற்றால் 70×70, 4900. இருவருக்கும் சரிபாதி என்று நழுவியவருக்கு யார் ஜெயித்தாலும் 2500. "95 சதவீதம் உறுதி" என்று அடித்துப் பேசித் தோற்றவருக்கு 9025. குறைவாக வாங்கியவரே வருட இறுதியில் முதல். இந்தக் கணக்கு வந்தபிறகு எங்கள் பெஞ்சில் "நிச்சயம்" என்ற பேச்சு வெகுவாகக் குறைந்துவிட்டது.

படி 9: சண்டை நாளும் தீர்ப்பும்

லாஸ் வேகாஸில் சனி இரவு என்றால் நமக்கு ஞாயிறு காலை, பலகாரத்தோடு பார்க்கலாம். ரியாத் என்றால் விடிவதற்கு முன் எழ வேண்டும். டோக்கியோ என்றால் பெரும்பாலும் மாலை டீ நேரம். சத்தத்தைக் குறைத்துவிட்டு, ஒவ்வொரு மணி அடித்ததும் அந்த ஒரு நிமிட ஓய்வுக்குள் உங்கள் பாயிண்டை எழுதுங்கள். அடுத்தவர் தாளை எட்டிப் பார்க்கக் கூடாது.

தகராறு வரும் இடங்களை முன்பே பேசிவிடுங்கள். வீரர் மாறினால் எல்லாச் சீட்டும் கிழிக்கப்படும். தேதி மட்டும் தள்ளிப்போனால் புதுச் சீட்டு எழுதலாம். தலைமுட்டி வெட்டுப்பட்டு சண்டை நின்றால், நாலு ரவுண்டு முடிந்திருந்தால் பொதுவாக நடுவர் தாள்படி முடிவு வரும். அதைப் பாயிண்ட் வெற்றியாகவே எடுத்துக்கொள்கிறோம். நாலுக்கு முன்னால் என்றால் கணக்கில் இல்லை. பிறகு மாறும் தீர்ப்புகளும் உண்டு. 2024 ஏப்ரலில் ரயன் கார்சியா எடை தாண்டி வந்து, டெவின் ஹேனியை மூன்று முறை விழவைத்து ஜெயித்தார். ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கியதால் பின்னர் அந்த முடிவே ரத்தானது. அதற்குள் வடை தின்று செரித்திருக்கும். ஆகவே எங்கள் விதி: ரிங்கில் அறிவிப்பாளர் படித்த முடிவுக்கு வடை, வருடக் கணக்கு நோட்டுக்கு மட்டும் பின்னால் வந்த திருத்தம்.